மெரிடித் கவுண்ட்டியின் நடுவர்

சாப்பிடுங்க தம்பி. கூச்சப்படாதீங்க. கார் இப்போதைக்கு வராது. எமில் கையில ஒரு வண்டி போச்சுன்னா, முதல்ல அதைச் சுத்திச் சுத்தி வந்து பாப்பாரு, அப்புறம் ஒரு காப்பி குடிப்பாரு, அதுக்கப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பாரு. வேலை சுத்தம், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா உங்க காரை இழுத்துட்டு வந்தாரே லாரிக்காரர், அவரு டன்வே ஆளு. டன்வே ஆளு கொண்டாந்து விட்ட வண்டின்னா எமில் இன்னொரு காப்பியும் குடிப்பாரு.

அந்த லாரிக்காரர் உங்ககிட்ட என்ன கேட்டாரு? டன்வேக்கா, ஹோலுப்புக்கான்னுதானே கேட்டிருப்பாரு. நீங்க டென்வர்னு சொல்லியிருப்பீங்க. பாவம், அந்த மனுசன் என்ன செய்வாரு. காரை ஹோலுப்புல எமில் கடையில விட்டுட்டு, உங்களை இங்க கொண்டாந்து இறக்கிட்டாரு. இந்த கவுண்ட்டியில ரெண்டு ஊருக்கும் சேராதது எதுவா இருந்தாலும் எங்க வீட்டு வாசலுக்குத்தான் வரும். வழி தப்பின நாய், விலாசம் தப்பின பார்சல், தமிழ் பேசுற ஆளு. இருபத்திரண்டு வருஷத்துல நீங்க மூணாவது ஆளு தம்பி. முதல்ல வந்தவரு தெலுங்கு. ஆனாலும் நான் சோறு போட்டேன்.

குழம்பு ஊத்திக்கோங்க. இது புளி இல்ல, ருபார்ப்னு ஒரு தண்டு, இங்க வேலியோரமா சும்மா வளருது. புளிச்சகீரைக்கு அக்கா தங்கச்சின்னு வச்சுக்கோங்க. ஊர்க்காரங்க இதைச் சர்க்கரை போட்டு இனிப்பாக்கித் திம்பாங்க. நான் மிளகாப்பொடி போட்டு வச்சதைப் பாத்துட்டு லிபி நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டா.

லிபி யாருன்னு சொல்லலியே. எமிலோட பொண்டாட்டி. ஹோலுப் ஊரு. ஹோலுப் முழுக்க செக் நாட்டுலருந்து வந்தவங்க. நூத்தைம்பது வருஷம் முந்தி கப்பல்ல வந்து, ரயில்ல வந்து, மாட்டு வண்டியில வந்து இந்தப் பொட்டக்காட்டுல இறங்கினவங்க. டன்வேக்காரங்க ஒஹையோ பக்கமிருந்து வந்தவங்க. அவங்க பேசுறது இங்கிலீஷு, போற சர்ச்சு வேற, ஞாயித்துக்கிழமை பீர் குடிக்க மாட்டாங்க. ஹோலுப்காரங்க ஞாயித்துக்கிழமைன்னாத்தான் குடிப்பாங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒம்பது மைல் சோளக்காடு. அந்தச் சோளக்காட்டுக்கு நடுவுல நாங்க.

எங்க வீட்டுல அவுக மாட்டு டாக்டர். இப்பவும் ஏதோ பசு கன்னு போட முடியாமக் கிடக்குன்னு போயிருக்காக. ரெண்டு ஊரு மாட்டுக்கும் அவுகதான் வைத்தியம். அதனால வந்த புதுசிலேயே என்கிட்ட சொல்லிட்டாக, வடிவு, இந்த ரெண்டு ஊர்க்காரங்க பேச்சுலயும் நாம தலையிடக்கூடாதுன்னு. என் பேரு சங்கரவடிவு. அவுக வடிவுன்னு கூப்பிடுறதைக் கேட்டு இங்க உள்ளவங்களும் கூப்பிட்டுப் பாத்தாங்க, வாயில நுழையல. அடிச்சுப் பிடிச்சு கடைசியில வாடின்னு வந்து நின்னுருச்சு. பாதிரியாரு, போலீஸ்காரரு, போஸ்ட் ஆபீஸ் பொண்ணு, எல்லாரும் வாடின்னுதான் கூப்பிடுறாங்க. ஊருல எங்க அய்யா கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. முதல்ல ரோசம் வந்துச்சு. அப்புறம் பழகிருச்சு. நானும் சிரிச்ச முகமா, இந்தா வந்துட்டேன்னு போயிருவேன்.

நான் எதுலயும் தலையிடுற ஆளே இல்ல தம்பி. அதை முதல்லயே சொல்லிடுறேன். இந்த ஜூலை மாசம் நடந்ததை நீங்க எமில் கடையில வேற மாதிரிக் கேப்பீங்க, டன்வேயில பெட்ரோல் போட நின்னா இன்னொரு மாதிரிக் கேப்பீங்க. நடந்தது என்னன்னு எனக்குத்தான் தெரியும், ஏன்னா நான் ஊர்வலத்து லாரிமேலதான் உக்காந்திருந்தேன்.

முதல்லருந்து சொல்றேன். இங்க கவுண்ட்டின்னா நம்ம தாலுகா மாதிரி. கவுண்ட்டிக்கு ஒரு கோர்ட்டு, ஒரு கச்சேரி, பாட்டுக் கச்சேரி இல்ல, அரசாங்க ஆபீஸ். அது எந்த ஊருல இருக்கோ அந்த ஊருதான் பெரிய ஊரு. ஆரம்பத்துல அது ஹோலுப்புல இருந்துச்சு. மரக்கட்டிடம்தான், ஆனா உச்சியில ஒரு வெண்கல மணி. ஹோலுப்காரங்க கோழி வித்து, முட்டை வித்து வாங்கின மணி. அப்புறம் ஒரு ஓட்டெடுப்பு வச்சாங்க, கச்சேரி எந்த ஊருக்குன்னு. டன்வே ஜெயிச்சுருச்சு. எப்படி ஜெயிச்சுச்சுன்னா, டன்வேயில உள்ள ஆம்பளை, பொம்பளை, பிள்ளைகுட்டி அம்புட்டுப் பேரையும் சேத்து எண்ணினாலும் அத்தனை ஓட்டு வராது. செத்தவங்களும் வந்து போட்டுட்டுப் போயிருக்காங்க. இதைக் கேட்டப்போ எனக்கு நம்ம ஊரு ஞாபகம் வந்து மனசு நிறைஞ்சுபோச்சு.

ஹோலுப்காரங்க கச்சேரியைத் தர மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. டன்வேக்காரங்க பனிக்காலம் வரட்டும்னு காத்திருந்து, பனியில இழுக்குற வண்டியைக் குதிரையில பூட்டிக்கிட்டு வந்தாங்க. ஹோலுப்புல அன்னைக்கு ஒரு கல்யாணம். ஊரே கல்யாண வீட்டுல ஆடிக்கிட்டிருக்கு. இவங்க மணியை இறக்கி, மேசை நாற்காலியை ஏத்தி, அடுப்பையும் தூக்கி வச்சு, கடைசியில கச்சேரி கிளார்க்கையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. வாஸ்லவ்னு பேரு. ஹோலுப்புல பிறந்த பையன். அவரு பெஞ்சுல தூங்கிட்டிருந்தாரு, பெஞ்சோட தூக்கிட்டாங்க.

இதுலதான் தம்பி தகராறு. கச்சேரி போச்சு, மணி போச்சு, அதெல்லாம் விடுங்க. வாஸ்லவைக் கடத்திட்டாங்கன்னு ஹோலுப்காரங்க சொல்வாங்க. அவரு பாதி வழியில முழிச்சுப் பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டுங்கப்பா குளிருதுன்னு சொன்னாருன்னு டன்வேக்காரங்க சொல்வாங்க. அந்த வாஸ்லவ் திரும்பியே வரல. டன்வேயிலயே பொண்ணு கட்டி, எட்டுப் பிள்ளை பெத்து, அங்கயே புதைச்சாங்க. மார்ஜரியம்மா அவரோட கொள்ளுப்பேத்தி. டன்வே சரித்திர சங்கத்துக்குத் தலைவி, எம்பது தாண்டிருச்சு, இன்னும் ஏணியில ஏறித் தானே பல்பு மாத்துவாக. கடத்தப்பட்டவனுக்கு எட்டுப் பிள்ளை பிறக்குமா வாடின்னு என்கிட்டக் கேப்பாக. அதே கேள்வியை லிபிகிட்ட வச்சா, எட்டு பிறந்ததிலயே தெரியலையா, மனுசனை வெளியவே விடலன்னு சொல்லுவா. ரெண்டும் நியாயமாத்தான் பட்டுச்சு.

இந்த வருஷம் கவுண்ட்டிக்கு நூத்தைம்பது வருஷம் நிறையுது. பெரிய விழா எடுக்கணும்னு முடிவாச்சு. கவுண்ட்டி போர்டுத் தலைவர் வெண்டல்னு ஒருத்தரு, அவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. ரெண்டு ஊரும் மணி போன கதையை ஆளுக்கு ஒரு நாடகமாப் போடட்டும், நல்லா நடிச்ச ஊருக்கு மணியைக் குடுத்துருவோம், அதோட இந்தச் சண்டை தீந்துரும்னு. மனுசருக்கு வயசாயிட்டாலும் எவ்வளவு குழந்தை மனசு பாருங்க. சரி, தீர்ப்பு சொல்ல யாரைப் போடுறது? கவுண்ட்டி முழுக்கத் தேடிப் பாத்தாங்க. இவங்க மாமியா அந்த ஊரு, அவங்க மச்சான் இந்த ஊரு. பாதிரியாருக்குக் கூட அத்தை ஹோலுப்புல இருக்கு. கடைசியில வெண்டல் எங்க வீட்டுக்கு வந்தாரு. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, வாடி, இந்தக் கவுண்ட்டியில யாருக்கும் சொந்தமில்லாத ஒரே ஆளு நீதான்னு சொன்னாரு.

பெரிய மரியாதைதானே தம்பி அது. ஆமா, மரியாதைதான். நான் அவருக்குக் காப்பி குடுத்தேன். அவரு போனதுக்கு அப்புறம் பாத்திரம் எல்லாத்தையும் ஒருதரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே இன்னொருதரம் கழுவிட்டிருந்தேன் போல. அவுக வந்து, என்ன வடிவு, குழாயை மூடலியான்னு கேட்டாகல்ல, அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு.

அதை விடுங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு ராஜயோகம். மார்ஜரியம்மா காலையில ஒரு ஆப்பிள் பை கொண்டாருவாக. சாயந்திரம் லிபி கொலாச்சி கொண்டாருவா. கொலாச்சின்னா பன்னு மாதிரி, நடுவுல குழி பறிச்சுப் பழக்கூழ் வச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் இது லஞ்சம் இல்ல, சும்மா அடுப்பு சூடா இருந்துச்சு செஞ்சேன்னு சொல்வாங்க. எனக்கும் சும்மா பசிச்சுச்சு, தின்னேன். தீர்ப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு நாள் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து வாசல்ல முட்டிக்கிட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக் கால் மணி நேரம் வானிலையைப் பத்திப் பேசினாங்க. இந்த ஊருல சண்டைன்னா அதுதான். மழை வரும்போல இருக்கேன்னு ஒருத்தர் சொல்ற தொனியிலயே மத்தவருக்கு ரத்தம் கொதிக்கணும்.

ஒத்திகை பாக்கவும் கூப்பிட்டாங்க. நடுவர் வந்து பாக்குறது முறையில்லைன்னு நினைச்சேன், ஆனா கூப்பிட்ட மரியாதைக்குப் போனேன். ரெண்டு ஊரு ஒத்திகையும் சப்புன்னு இருந்துச்சு தம்பி. ஒருத்தன் வந்து கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு, நாங்கள் மணியை எடுத்துச் செல்லப் போகிறோம்னு சொல்றான். இன்னொருத்தன், அப்படியா, அது சரியில்லைன்னு சொல்றான். ஒரு ஊரோட கச்சேரி பறிபோகுது, இப்படியா பேசுவாங்க? எனக்குப் பொறுக்கல. நான் ஸ்கூல் படிக்கையில எங்க ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் தாலுகா ஆபீஸ் எங்க வரணும்னு பெரிய போராட்டம். கோவில்பட்டிக்குத் தெக்க போற பஸ்ஸை எல்லாம் மறிச்சோம். நான் பஸ்ஸுக்கு முன்னாடி படுத்தேன். ரிப்பன் கட்டின ரெண்டு சடையோட ரோட்டுல மல்லாக்கப் படுத்துக்கிட்டு, எங்க பிணத்து மேல ஏத்திட்டுப் போங்கடான்னு கத்தினேன். எங்க அய்யா வந்து காதைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போனாக. தாலுகா ஆபீஸ் பக்கத்து ஊருக்குத்தான் போச்சு. இப்பவும் லீவுல போனா அந்த ஆபீஸ் இருக்கிற தெரு வழியா நான் போக மாட்டேன், சுத்திக்கிட்டுத்தான் போவேன். அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எனக்கு அந்த மாதிரி ஊர் வெறி எல்லாம் கிடையாது.

ஆனா வசனம் மட்டும் அப்படியே நாக்குல நிக்குது. ஹோலுப்காரங்களுக்கு ரெண்டு வரி சொல்லிக் குடுத்தேன். எங்க மணியைத் தொடுறவன் கையைத் தனியாத்தான் எடுத்துட்டுப் போகணும்னு. இங்கிலீஷுல சொல்லும்போது கொஞ்சம் காரம் குறைஞ்சுச்சு, ஆனாலும் எமில் அதைச் சொன்னப்போ அந்த ஹால்ல ஒரு பத்து பேரு எந்திரிச்சு நின்னுட்டாங்க. ஒரு ஊருக்கு மட்டும் சொல்லிக் குடுத்தா நடுநிலை போயிருமில்லையா. அதனால டன்வேக்கும் போய், கச்சேரி எங்கள் உரிமை, தராவிட்டால் வீடு வீடா வந்து எடுப்போம்னு சொல்லிக் குடுத்தேன். மார்ஜரியம்மா கண்ணு கலங்கி என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. ரெண்டே வாரத்துல ரெண்டு ஊருலயும் ஜனங்க கடைத்தெருவுல இதே வசனத்தைப் பேசிக்கிட்டுத் திரிஞ்சாங்க. வெண்டல் என்கிட்ட வந்து, என்னன்னு தெரியல வாடி, இந்த வருஷம் ஜனங்க சூடா இருக்காங்கன்னாரு. வெயில் ஜாஸ்தின்னு சொன்னேன்.

விழா அன்னைக்குக் காலையில டன்வேயில ஊர்வலம். கச்சேரி வாசல்ல கிளம்பி, கடைத்தெரு வழியா வந்து, பொருட்காட்சி மைதானத்துல முடியணும். அங்கதான் நாடகம், தீர்ப்பு எல்லாம். மணியை நடுநாயகமா வச்சு இழுத்துட்டு வரணும்னு ஆசைப்பட்டாங்க. அந்த மணி கனத்துக்கு ஒரு நீள லாரி வேணும். மேல மூடாத, தட்டையான லாரி. அப்படி ஒரு லாரி இந்தக் கவுண்ட்டியிலயே ஒருத்தர்கிட்டத்தான் இருக்கு. எமில்கிட்ட.

டன்வேக்காரங்க அதை யோசிச்சிருக்கணும் தம்பி. திருடுபோன வீட்டுக்காரன்கிட்டயே வண்டி கேட்டா எப்படி? ஆனா எமில் வாங்கன்னு சொல்லி, லாரியைக் கழுவி, ஓரத்துல காகிதப் பூ எல்லாம் ஒட்டிக் கொண்டாந்துட்டாரு. மணியை ஏத்திக் கயிறு கட்டினாங்க. மணிக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி, நடுவருக்கு. நான் கல்யாணத்துக்குக் கட்டின அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு அதுல ஏறி உக்காந்தேன். மணி அடிக்கிற கயிறு காத்துல ஆடிக்கிட்டிருந்துச்சு. யார் முகத்துலயும் பட்டுரக்கூடாதேன்னு நான் கையில பிடிச்சுக்கிட்டேன்.

கிளம்புறதுக்கு முன்னால வெண்டல் ஒலிபெருக்கியில பேசினாரு. இந்த மண்ணுக்கு வந்த ஒவ்வொரு கூட்டத்தையும் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. ஒஹையோக்காரங்கன்னாரு, கையைத் தூக்கினாங்க. செக் நாட்டுக்காரங்கன்னாரு, ஓன்னு கத்தினாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் நாலு குடும்பம் ஜெர்மன்காரங்க, அவங்களும் தூக்கினாங்க. ரயில் பாதை போட வந்து தங்கின ஐரிஷ்காரர் ஒருத்தரோட பேரன் பேத்திகளும் தூக்கினாங்க. அத்தனைக்கும் முன்னாடி இருந்த பாவ்னி பூர்வகுடி மக்களுக்காக ஒரு நிமிஷம் எல்லாரும் தொப்பியைக் கழட்டினாங்க. அப்புறம் என் பக்கம் கையைக் காட்டி, கடைசியாக நமது நடுவர், இந்தக் கவுண்ட்டியின் கதையில் எந்தப் பங்கும் இல்லாதவர், இரண்டு பக்கமும் சேராதவர்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நல்லாவே தட்டினாங்க. நானும் எந்திரிச்சுக் கும்பிட்டேன். சிரிச்சேன். வெயில் நேரா அடிச்சதுல கண்ணு கொஞ்சம் கூசுச்சு, வேற ஒண்ணுமில்ல.

ஊர்வலம் நகர்ந்துச்சு. எங்க லாரிதான் முதல்ல. பின்னால மார்ஜரியம்மா, அந்தக் காலத்துக் கவுனும் பெரிய தொப்பியுமாக் குதிரை வண்டியில. அதுக்குப் பின்னால தீயணைப்பு வண்டி. அதுக்குப் பின்னால டிராக்டர்ல பூட்டின வண்டியில பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியம். அப்புறம் வரிசையா டிராக்டர். கடைத்தெரு முடியிற இடத்துல ரோடு ரெண்டாப் பிரியும். இடது பக்கம் மைதானம். வலது பக்கம் ஹோலுப் போற ரோடு.

அங்க எமில் லாரியை நிறுத்தினாரு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால இருக்கிற கண்ணாடி வழியாத் திரும்பி என்னைப் பாத்தாரு. பக்கத்துல லிபி, அவளும் திரும்பிப் பாத்தா. இதுல நான் ஏதோ சைகை காட்டினேன்னு டன்வேயில ஒரு பேச்சு இருக்கு, அது சுத்தப் பொய். நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். வலது பக்கம் ரோடு காலியா இருக்குன்னு சொன்னேன். காலியாத்தான் இருந்துச்சு. உள்ளதைச் சொல்லணுமில்லையா தம்பி.

லாரி வலது பக்கம் திரும்பிருச்சு.

என்னைக் கடத்திட்டாங்க. நான் ஒரு பொம்பளை, ஓடுற லாரிமேல, பட்டுச் சேலையில, என்ன செய்ய முடியும் சொல்லுங்க. மணி வேற அடிக்க ஆரம்பிச்சிருச்சு. லாரி ஆடுச்சு, கயிறு என் கையில இருந்துச்சு, அதுக்கு நான் என்ன பண்றது. அந்த மணிச் சத்தம் நீங்க கேட்டதில்ல. டன்வேக்காரங்க அதைப் பத்திரமா வச்சிருந்தாங்களே ஒழிய யாரையும் அடிக்க விட்டதில்ல. அத்தனை வருஷம் கழிச்சு அது வாயைத் திறக்குது. ரெண்டு பக்கமும் சோளம் ஆளுயரத்துக்கு நிக்குது, அந்தச் சத்தம் போய்த் தடவிட்டு வர்ற மாதிரி இருக்கு. எனக்கு முடியெல்லாம் அவுந்து பறக்குது. சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. பயத்துலதான்.

பின்னால வந்தவங்களுக்கு முதல்ல ஒண்ணும் புரியல. வழி மாறிப் போகுது போலன்னு பேண்டு வாத்தியக்காரங்க வாசிச்சுக்கிட்டே எங்க பின்னால வந்துட்டாங்க. மார்ஜரியம்மாவுக்குத்தான் முதல்ல விளங்குச்சு. குதிரை வண்டியில எந்திரிச்சு நின்னு, தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, என்னமோ கத்துறாக. காத்துல எனக்குக் கேக்கல. அப்புறம் தீயணைப்பு வண்டி சங்கு ஊத ஆரம்பிச்சிருச்சு. ஒம்பது மைல் தம்பி. குதிரைக்கும் டிராக்டருக்கும் என்ன வேகம் இருக்கும்? எமில் நல்ல மனுசரு, அவங்க பின்தங்கிரக் கூடாதேன்னு மெதுவாத்தான் ஓட்டினாரு. ஒரு இடத்துல குதிரை களைச்சு நின்னப்போ எமிலும் நிறுத்திக் காத்திருந்தாரு. வழியில காட்டுல நின்னவங்க எல்லாம் இந்த வருஷம் ஊர்வலத்தை நீட்டிட்டாங்க போலன்னு கையை ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன். ஆட்டாட்டித் தப்பா நினைப்பாங்க.

பாதி வழியில எங்க வீடு வந்துச்சு. அவுக வாசல்ல ஜீப்பை எடுத்துட்டு நிக்காக. பின்னால ஒரு கன்னுக்குட்டி கட்டிக் கிடக்கு. லாரியைப் பாத்தாக, மணியைப் பாத்தாக, என்னைப் பாத்தாக. ஜீப்பை லாரிக்குப் பக்கத்துலயே ஓட்டிக்கிட்டு வந்து, கண்ணாடியை இறக்கி, வடிவு, குடையை எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல, வெயில் அடிக்குன்னாக. அவ்வளவுதான். தலையிடக் கூடாதுன்னு சொன்ன மனுசன்ல. அப்புறம் அவுகளும் ஊர்வலத்துலயே வந்தாக, கன்னுக்குட்டியோட.

ஹோலுப்புல சாயந்திர விருந்துக்காக ஊர்ப் பொம்பளைங்க ஹால்ல சமைச்சுக்கிட்டு இருந்தாங்க. மணிச் சத்தம் கேட்டு மாவுக் கையோட எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஒரு வயசான அம்மா கரண்டியோட மண்டி போட்டுட்டாங்க. எமில் லாரியை ஹால் வாசல்ல நிறுத்தினாரு. அஞ்சு நிமிஷத்துல டன்வே முழுசும் வந்து இறங்கிருச்சு. பேண்டு வாத்தியம் நின்னுச்சு. நான் சொல்லிக் குடுத்த வசனம் ரெண்டு பக்கமும் நெஞ்சுக்குள்ள இருக்கு, யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தாப் போதும்.

மார்ஜரியம்மா கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நேரா எமில்கிட்ட வந்தாக. மூச்சு வாங்குது. மணியைப் பாக்கவே இல்ல தம்பி. விரலை நீட்டி என்னைக் காட்டி, முதல்ல எங்க வாடியைக் கீழ இறக்கு, அப்புறம் பேசலாம்னாக.

எங்க வாடி.

லிபி லாரியை விட்டுக் குதிச்சு வந்துட்டா. உங்க வாடியா, எப்பலருந்து உங்க வாடின்னு கேட்டா. மார்ஜரியம்மா விடல. லைப்ரரியில எங்க பிள்ளைகளுக்குக் கதை படிச்சுக் காட்டுறது யாரு, என் கால் ஒடிஞ்சு கிடந்தப்போ ரசம் கொண்டாந்தது யாருன்னாக. லிபி சொல்றா, எங்க சர்ச்சு அடுப்படியில அவளுக்குன்னு தனி மிளகாப்பொடி டப்பா இருக்கு, உங்க ஊருல இருக்கான்னு. பின்னால இருந்து ஒருத்தரு, அவங்க வீடு டன்வே எல்லையில இருக்குன்னாரு. இன்னொருத்தரு, எல்லைக்கோடு வீட்டுக்கு நடுவுல போகுது, படுக்கிற அறை டன்வே, அடுப்படி ஹோலுப்புன்னாரு. அப்போ மனுசி அதிக நேரம் எங்க இருக்கான்னு ஒருத்தி கேக்குறா. கூட்டத்துக்கு நடுவுல வெண்டல் தொப்பியைக் கசக்கிக்கிட்டு நிக்காரு. அவரால என் முகத்தைப் பாக்க முடியல.

ரெண்டு ஊரும் கீழ நின்னு எனக்காக அடிச்சுக்குது. நான் மேல மணியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இறங்கி வந்து, ஏன்ப்பா சண்டைன்னு சமாதானம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கணும். இறங்க மனசு வரல தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போடட்டும்னு இருந்துச்சு.

கடைசியில எங்க வீட்டுல அவுகதான், கன்னுக்குட்டிக்குத் தண்ணி வேணும், யாராச்சும் வாளி குடுங்கன்னு கேட்டாக. அதுல பேச்சு அறுந்துருச்சு. அப்புறம் குதிரைக்குத் தண்ணி, அப்புறம் பேண்டு வாசிச்ச பிள்ளைகளுக்குத் தண்ணி, தண்ணி குடுத்த கையோட கொலாச்சி. ஆறு மணிக்கு மேல டன்வே ஆளுங்க ஹோலுப் ஹால்ல பன்னிக்கறியும் மாவு உருண்டையும் தின்னுக்கிட்டு இருந்தாங்க. தீயணைப்பு வண்டிக்காரரு அக்கார்டியன் வாசிக்கிறவரோட ஆடினாரு. மார்ஜரியம்மா ஒரு மூலையில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாக. ஆனா கால் தரையில தாளம் போட்டுச்சு, நான் பாத்தேன். நாடகத்தை ரெண்டு ஊரும் மறந்தே போச்சு. தீர்ப்பும் யாரும் கேக்கல. மணி ஹோலுப்புலயே இருந்துருச்சு.

அடுத்த வாரம் அரசாங்க வக்கீல் வந்தாரு. சின்னப் பையன், லைப்ரரியில என்கிட்டக் கதை கேட்டு வளந்தவன்தான். புகார் ஏதாவது குடுக்கிறீங்களா, பலவந்தமாக் கொண்டுபோனாங்களா, நீங்களா இஷ்டப்பட்டுப் போனீங்களான்னு கேட்டான். எனக்கு இங்கிலீஷு அவ்வளவாப் புரியாதுன்னுட்டேன். முகத்தைத் துடைச்சுக்கிட்டு, சரி மேடம்னு போயிட்டான்.

மார்ஜரியம்மா மட்டும் மூணு மாசம் என்னோட பேசல. கடையில பாத்தா மழை வரும்போல இருக்குன்னுவாக. எனக்கு அது ரொம்பக் கஷ்டமாப் போச்சு. போன செவ்வாய்க்கிழமை வாசல்ல கார் சத்தம். பாத்தா மார்ஜரியம்மா, கையில ஆப்பிள் பை. உக்காந்தாக. வானிலையைப் பத்திப் பேசவே இல்ல. ஹோலுப் ஹால்ல மணியை எந்த மூலையில வச்சிருக்காங்க வாடின்னாக.

நான் இதுல எல்லாம் தலையிட மாட்டேன், என்னைக் கேக்காதீங்கன்னு கண்டிச்சுச் சொல்லிட்டேன். ஹாலோட பின்வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியா விழாது, அதைப் போட்டு வைக்கச் சொல்லுங்கன்னு லிபிகிட்ட நானே சொல்லிட்டிருக்கேன், ஆனா அவ கேக்கவே மாட்டேங்கிறான்னு பேச்சுவாக்குல வந்துச்சு. பொதுவாத்தான் சொன்னேன். பிப்ரவரி மாசம் ஒரு கல்யாணம் இருக்கு அங்க, ஊரே ஆடிக்கிட்டிருக்கும், அதையும் சொன்னேன்.

போன் அடிக்குது, எமிலாத்தான் இருக்கும். உங்க கார் ரெடி போல. இந்தப் பையில கொஞ்சம் சோறும் குழம்பும் கட்டி வச்சிருக்கேன், டென்வர் வரைக்கும் தாங்கும். எமில்கிட்ட இதெல்லாம் பேச வேண்டாம் தம்பி. நம்ம ரெண்டு பேருக்குள்ள தமிழ்ல பேசினது தமிழ்லயே இருக்கட்டும்.

போகும்போது மார்ஜரியம்மா வாசல்ல நின்னு ஒண்ணு சொல்லிட்டுப் போனாக. மணியை மட்டும் எடுத்துட்டு வந்தாப் பத்தாது வாடி, நீயும் அதுல இருக்கணும், அப்பத்தான் கணக்கு சரியாகும்னாக. நான் எங்க வீட்டுல அவுகளைக் கேட்டேன், என்னங்க இது, இந்த வயசுல இன்னொருதரமான்னு. அவுக பேப்பரை மடிச்சு வச்சுட்டு, பனியில சேலை வேண்டாம் வடிவு, பூட்ஸ் போட்டுக்கோன்னாக.

நான் என்ன செய்ய தம்பி. தூக்கிட்டுப் போறவங்களோட போய்த்தானே ஆகணும்.